டி.ஓ. மருத்துவக் கல்லூரி இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பயாலஜி முடித்துவிட்டு மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். எம்.டி. (அமெரிக்காவில் இதுதான் வழக்கமான மருத்துவர் பட்டம்) கல்லூரிகளிலிருந்து இதுவரை பதில் இல்லை. இரண்டு ஆஸ்டியோபதி கல்லூரிகள், அதாவது டி.ஓ. பட்டம் தரும் கல்லூரிகள், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கின்றன. என்ன கேட்பார்கள், எப்படித் தயாராவது என்பது கேள்வி. கடைசி வரியில் கொஞ்சம் தயங்கி இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: "இதுவும் முழு டாக்டர் படிப்புதானே? இல்லை, எம்.டி.க்கே இன்னொரு வருஷம் காத்திருக்கலாமா?" எனக்கு இந்த இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. 'ஏன் டி.ஓ.?' என்று உங்கள் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கிற பேச்சைத்தான் அந்த அறையிலும் கேட்கப்போகிறார்கள். அதை வீட்டில் தெளிவாகப் பேசி முடிக்காமல் பையனை அனுப்பினால், எத்தனை மாதிரிக் கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தாலும் அந்த ஒரு இடத்தில் குரல் இறங்கிவிடும்.

நான் ஒரு டி.ஓ. மிச்சிகனில் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன். ஒரு கல்லூரியின் இன்டர்வியூ குழுவில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். ஆகவே நான் சொல்வதில் பெரும்பகுதி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது. ஆனால் ஒரே கல்லூரியின் மேசை அது. மதிப்பெண் போடும் முறை கல்லூரிக்குக் கல்லூரி வேறு, யாரும் அதை வெளியே சொல்வதும் இல்லை. எங்கே உறுதியாகச் சொல்கிறேன், எங்கே என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானவை. அமெரிக்காவில் டி.ஓ. முழுத் தகுதியுள்ள மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தத் துறையிலும் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி, செய்யலாம். ஐம்பது மாநிலங்களிலும் இதில் வேறுபாடு கிடையாது. முன்னாள் அதிபர் பைடனின் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானர் ஒரு டி.ஓ.; டிரம்ப்பின் முதல் ஆட்சியில் இருந்த ஷான் கான்லியும் டி.ஓ. நாலு வருஷப் படிப்பு எம்.டி. படிப்பு போலவேதான். கூடுதலாக, கையால் தசை, மூட்டு, முதுகெலும்பைப் பரிசோதித்துச் சிகிச்சை செய்யும் ஓ.எம்.எம். பயிற்சி சுமார் 200 மணி நேரம் இருக்கும். மருத்துவ உரிமத்துக்கான தேர்வு காம்லெக்ஸ், பலர் எம்.டி.க்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் சேர்த்து எழுதுகிறார்கள். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் கையால் சிகிச்சை செய்பவர் மட்டும், மருத்துவர் அல்லர். நம் ஊரிலோ பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று போட்டிருந்தால் கண் மருத்துவ டிப்ளமோ. சொந்தக்காரர்கள் போனில் கேட்கும் கேள்விக்குக் காரணம் இதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் 'ஏன் டி.ஓ.?' என்று ஒவ்வொரு கல்லூரியும் விடாமல் கேட்கிறது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864-ல் தன் குழந்தைகள் மூவரை மூளைச்சவ்வுக் காய்ச்சலில் பறிகொடுத்தார். பாதரச மருந்தும் ரத்தம் வடிப்பதுமாக இருந்த அந்தக் கால வைத்தியத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போயிற்று. 1874-ல் தன் வழியை அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள். பல பத்தாண்டுகள் எம்.டி. உலகம் இவர்களை அருகில் சேர்க்கவே இல்லை. 1962-ல் கலிஃபோர்னியாவில் இரு தரப்பும் இணைந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டி.ஓ.க்கள் ஒரு சிறு பயிற்சி வகுப்பும் 65 டாலர் கட்டணமுமாக எம்.டி. ஆகிவிட்டார்கள். அங்கிருந்த டி.ஓ. கல்லூரியும் எம்.டி. கல்லூரியாக மாறியது, இன்றைக்கு அர்வைனில் இருக்கும் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி அதன் வழி வந்ததுதான். ராணுவம் டி.ஓ.க்களைச் சமமாக ஏற்றுக்கொண்டது 1966-ல்தான். இப்படி ஒரு தடவை கரைந்துபோகப் பார்த்த ஒரு தொழில், உள்ளே வருகிறவனிடம் 'எங்களைத் தெரிந்துதான் வருகிறாயா?' என்று கேட்காமல் விடாது. அதில் கொஞ்சம் பழைய காயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு எப்படிப் பதில் சொல்வது? எப்படிச் சொல்லக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். "உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவம் என்பதால்" என்ற வாக்கியத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பல வாயிலிருந்து கேட்டுவிடுவோம். தப்பான வாக்கியம் இல்லை, ஆஸ்டியோபதியின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றுதான். ஆனால் அதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர், "எம்.டி.க்கள் அப்படிப் பார்ப்பதில்லையா?" என்பார். பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். எம்.டி.க்களை மட்டம் தட்டிப் பேசுவது அதைவிட மோசம். கேட்டுக்கொண்டிருப்பவரின் மனைவியே எம்.டி.யாக இருக்கலாம். எம்.டி.க்கும் போட்டிருக்கிறாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லட்டும். டி.ஓ. கல்லூரிகளுக்கு ஏகோமாஸ், எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்று தனித்தனி விண்ணப்பத் தளங்கள் இருப்பதால் மறைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மறைக்க அதில் ஒன்றும் இல்லை. எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இரண்டுக்கும் போட்டவர்கள்தான். எங்களுக்குத் தெரிய வேண்டியது, எங்களிடம் வந்து சேர்ந்தால் நாலு வருஷமும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பானா என்பதுதான்.

எனக்கு மனதில் நின்ற ஒரு பதில் உண்டு. அந்தப் பெண் ஒரு டி.ஓ.விடம் ஷேடோயிங், அதாவது கூடவே இருந்து அவர் வேலையைப் பார்க்க, போயிருந்தாள். இடுப்பு வலி என்று ஒரு லாரி ஓட்டுநர் வந்திருக்கிறார். மருத்துவர் அவரை மேசையில் படுக்கவைத்து முதுகை விரல்களால் தடவிப் பார்த்துக்கொண்டே தூக்கம், சாப்பாடு என்று பேச்சுக் கொடுத்தாராம். பத்து நிமிடத்தில், மேசையில் படுத்திருந்த அந்த மனிதர், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆயிற்று என்று தானாகவே சொல்லியிருக்கிறார். முன்னால் நர்ஸ் கேட்டபோது 'எடுத்துக்கொள்கிறேன்' என்றவர். "கை வைத்தால் மனிதர்கள் உண்மை பேசுகிறார்களோ என்று தோன்றியது, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று முடித்தாள். தத்துவம் ஒன்றும் இல்லை. பார்த்தாள், சொன்னாள். உங்கள் பையன் இதுவரை எந்த டி.ஓ. மருத்துவரிடமும் போய் உட்காரவில்லை என்றால், இன்டர்வியூவுக்கு முன் இரண்டு நாளாவது போகட்டும். சில கல்லூரிகள் டி.ஓ.விடமிருந்து சிபாரிசுக் கடிதமே கேட்கின்றன. அது வேண்டியிராவிட்டாலும் போய் வருவது நல்லது.

ஓ.எம்.எம். மேல் முழு நம்பிக்கை இருப்பதாக நடிக்க வேண்டுமா என்று அநேகமாக உங்கள் பையன் உங்களிடம் கேட்டிருப்பான். வேண்டாம். இடுப்பு வலிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 12 வாரத்தில் கைச்சிகிச்சை பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் என இரு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது; ஆனால் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. மண்டையோட்டைத் தொட்டுச் செய்யும் கிரேனியல் முறைக்கு ஆதாரம் பலவீனம், அதை டி.ஓ.க்களிலேயே நிறையப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். இதை இப்படியே, மரியாதையாகச் சொல்லலாம்: "எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று படித்தேன், கற்றுக்கொண்டு நானே பார்க்க விரும்புகிறேன்." எதிரே ஓ.எம்.எம். பேராசிரியரே உட்கார்ந்திருந்தாலும் இந்தப் பதில் செல்லும். 'எல்லா நோயும் குணமாகும்' என்கிற மாதிரி பேசினால்தான் எங்களுக்குக் கவலை வரும்.

இனி அந்த நாள் எப்படி இருக்கும் என்பது. கோவிட்டுக்குப் பிறகு பல கல்லூரிகள் ஜூமிலேயே நடத்துகின்றன, சில மறுபடி நேரில் கூப்பிடுகின்றன. அழைப்புக் கடிதத்தில் இருக்கும். எப்படியானாலும் அரை நாளாவது போகும். டீன் அல்லது அட்மிஷன் அலுவலகத்தின் அறிமுகப் பேச்சு, கட்டணம் பற்றி ஒரு அமர்வு, மாணவர்களோடு உரையாடல், நேரில் என்றால் கல்லூரியைச் சுற்றிக் காட்டுவது, ஓ.எம்.எம். அறை. இதற்கிடையில் அரை மணி நேரமோ கொஞ்சம் கூடவோ இன்டர்வியூ. பழைய பாணியில் ஒருவரோ இரண்டு மூன்று பேரோ உட்கார்ந்து பேசுவார்கள். சிலருக்கு விண்ணப்பம் முழுதும் கையில் இருக்கும். சிலருக்கு வேண்டுமென்றே தரமாட்டார்கள். ஆகவே 'நான்தான் கட்டுரையில் எழுதியிருக்கிறேனே' என்ற பதில் கூடாது. சுற்றிக் காட்டும் சீனியர் மாணவர்களிடம் பேசுவதும் கணக்கில் சேரலாம். அவர்களிடம் அலட்சியமாக நடந்துகொண்ட ஒருவரைப் பற்றிக் குழுவுக்குத் தகவல் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பாணி எம்.எம்.ஐ., அதாவது அறைக்கு அறை மாறிப் போகும் பல குட்டி இன்டர்வியூக்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பரவியது. ஆறு முதல் பத்து அறைகள் வரை இருக்கும். கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் சூழ்நிலையை இரண்டு நிமிடம் படித்துவிட்டு உள்ளே போய் ஆறேழு நிமிடம் பேச வேண்டும். மணி அடித்ததும் அடுத்த அறை. ஒரு அறையில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது, அது ஒரு வசதி. நம் வீட்டுப் பிள்ளைகள் தடுமாறும் ஒரு வகைக் கேள்வியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு முதியவருக்குக் கணையப் புற்றுநோய். மகன் உங்களைத் தனியாக அழைத்து, "அப்பாவிடம் சொல்லாதீர்கள், மனசு உடைந்துவிடும்" என்கிறார். என்ன செய்வீர்கள்? ஒரு ரகம் உடனே, "நோயாளிக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது, சொல்லிவிடுவேன்" என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் கூரையைப் பார்க்கும். இன்னொரு ரகம், "எங்கள் பண்பாட்டில் குடும்பம்தான் முடிவெடுக்கும்" என்று மகன் பக்கம் சாய்ந்துவிடும். எதிரே இருப்பவர் உடனே, "சரி, அப்பாவே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு என்ன என்று கேட்டால்?" என்பார்.

நாங்கள் தேடுவது தீர்ப்பை அல்ல, யோசிக்கும் வரிசையை. முதலில் அந்த மகனுக்கு எதில் பயம் என்று கேட்க வேண்டும். அப்பா முன்பு மனச்சோர்வில் இருந்தவராக இருக்கலாம், அல்லது மகனுக்கே இன்னும் தாங்க முடியாமல் இருக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதையும் அவரிடம் பணிவாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு அப்பாவிடமே போய், "உங்கள் பரிசோதனை முடிவுகளைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், உங்களிடம் பேசட்டுமா, வேறு யாரிடமாவது பேசட்டுமா?" என்று கேட்க வேண்டும். "எதுவானாலும் என் பையனிடம் சொல்லுங்கள்" என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய உண்டு. அப்படிச் சொன்னால் அது அவர் எடுத்த முடிவு, மகன் அவருக்காக எடுத்தது அல்ல. தாத்தாவுக்கு இப்படி நடந்ததைப் பார்த்திருந்தால் அதை ஓரிரு வரியில் சொல்லலாம். நம் வீடுகளில் இதைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. அந்த அனுபவம் இங்கே பலம்தான், அதையே விடையாக நீட்டாதவரை.

சொந்த விண்ணப்பத்தைப் பற்றிய கேள்விகளுக்குத் தயாராவது எளிது, ஆனால் பலர் செய்வதில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஏன் சி கிரேடு? மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் ஏன் இரண்டு முறை? இதற்கு மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, என்ன மாற்றினேன், அதற்குப் பிறகு மார்க் எப்படி வந்தது. பேராசிரியர் மேல் பழி போடக்கூடாது. ஆராய்ச்சி என்று எழுதியிருந்தால் அதை பயாலஜி படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிய வேண்டும். 'நர்ஸ், பி.ஏ. (மருத்துவருக்கு உதவியாக நோயாளிகளைப் பார்ப்பவர்) எல்லாம் இருக்கும்போது மருத்துவர்தான் ஆக வேண்டுமா?', 'யாரோடாவது மோதல் வந்திருக்கிறதா?' இரண்டும் அடிக்கடி வரும். இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளிடம், 'இது யாருடைய ஆசை?' என்று சுற்றி வளைத்துக் கேட்பதும் உண்டு, நானே கேட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக, "அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்வார்" என்று ஆரம்பிப்பவர்கள் தாங்கள் நினைப்பதைவிட அதிகம். தயவுசெய்து பக்கத்து அறையில் உட்கார்ந்து ஜூமைக் கேட்காதீர்கள். பையனின் கண் கதவுப் பக்கம் போவது திரையில் தெரியும்.

'ஏன் எங்கள் கல்லூரி?' என்பதற்கு ஒவ்வொரு கல்லூரியும் எதற்காக ஆரம்பிக்கப்பட்டது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். டி.ஓ. கல்லூரிகளில் இது வெறும் அலங்கார வாசகம் இல்லை. கென்டக்கியின் பைக்வில் கல்லூரி அப்பலாச்சிய மலைப்பகுதிக்கு மருத்துவர்களை உருவாக்க வந்தது. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் 2020-ல் டாலக்குவாவில் செரோக்கி பழங்குடி அரசோடு சேர்ந்து ஒரு வளாகத்தைத் திறந்தது. அரிசோனாவின் மேசாவில் இருக்கும் கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே மாணவர்களை நாடு முழுவதும் உள்ள சமூக சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் போய், "எனக்கு நியூயார்க்கில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் ஆக வேண்டும்" என்று சொன்னால் அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். கிராமத்தில் வாழ்ந்ததே இல்லை என்றால் அதைச் சொல்லிவிட்டு, அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்ய என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது போதும்.

கேள்வி கேட்கும் முறை நம் பக்கமும் வரும். அப்போது உண்மையாகவே தெரிய வேண்டியதைக் கேட்கட்டும். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் ஆண்டு ரொட்டேஷனுக்கு, அதாவது துறை துறையாக மருத்துவமனையில் பெறும் பயிற்சிக்கு, வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்புவார்கள். எந்த ஊர், யார் தீர்மானிப்பது, குலுக்கலா, வருஷத்துக்கு எத்தனை முறை வீடு மாற வேண்டியிருக்கும், அங்கே ரெசிடென்ட்களோடு வேலை செய்யக் கிடைக்குமா? முதல் முயற்சியிலேயே காம்லெக்ஸ் தேறியவர்கள் எத்தனை சதவீதம்? இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓ.எம்.எம். வகுப்பில் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர்தான் பழகுவார்கள். அரைக்கால் சட்டை, பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா என்று உடை விதி இருக்கும். கூச்சமோ மதக் காரணமோ இருந்தால் என்ன ஏற்பாடு என்று சீனியர் மாணவர்களிடம் கேட்கலாம். எங்களிடம் சொன்னவர்களுக்கு வழி செய்து கொடுத்திருக்கிறோம்.

அடுத்து, அவ்வளவு உறுதியில்லாதவை. நன்றி மின்னஞ்சல் அனுப்பினால் மதிப்பெண் கூடுமா? என் அனுபவத்தில் பெரும்பாலும் நாங்கள் மதிப்பெண் போட்ட பிறகுதான் அது வருகிறது; மரியாதைக்கு அனுப்பலாம். பணம் கொடுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பது உதவுமா? கூச்சமுள்ள பையனுக்கு உதவலாம், நன்றாகப் பேசுகிறவனைக் கெடுத்தும் விடலாம். ஒரே அச்சில் வார்த்த பதில்கள் எங்களுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிடும். மார்க் குறைவை இன்டர்வியூ ஈடுகட்டுமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. என் ஊகம், அழைப்பு வந்துவிட்டாலே படிப்பைச் சமாளிப்பான் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிட்டார்கள் என்பதே.

காத்திருக்கலாமா என்பதற்கு வருகிறேன். 2020-ல் எம்.டி., டி.ஓ. ரெசிடென்சி திட்டங்கள் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. சமீப ஆண்டுகளில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மேட்ச்சில், அதாவது ரெசிடென்சி இட ஒதுக்கீட்டில், இடம் பெறுகிறார்கள். ஆனால் நியூரோசர்ஜரி, டெர்மட்டாலஜி, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற துறைகளில் டி.ஓ.வுக்கு வழி இன்னும் குறுகல்தான், அதை மறைக்க மாட்டேன். பையன் அப்படி ஒரு துறைக்காகவே மருத்துவம் படிக்கிறான், எம்கேட்டில் இன்னும் ஏறும் என்று நம்பக் காரணமும் இருக்கிறது என்றால், காத்திருப்பதைப் பற்றிப் பேசலாம். மற்றபடி கையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வருஷம் வரிசையில் நிற்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இடம் கிடைத்தால் முன்பணம் கட்டச் சொல்வார்கள். பல கல்லூரிகளில் ஆயிரம் டாலருக்கு மேல், பெரும்பாலும் திரும்பி வராது. அதைவிடப் பெரிய கணக்கு கடன். 2026 ஜூலை 1-லிருந்து புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கட்டணமும் தங்குமிடமும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். மீதிக்குக் கல்லூரி என்ன வழி வைத்திருக்கிறது என்று அந்தக் கட்டண அமர்விலேயே பையன் கேட்டுக் குறித்துக்கொண்டு வரட்டும்.